மணிக்கும் ஒரு பெர்த்: நூம்பல் குடும்பம் ஒன்று கேரவன் வாங்கினால்...

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் இறங்கி தெற்கே திரும்பினால் நூம்பல். அதே ரோட்டைப் பிடித்துப் போனால் அய்யப்பன்தாங்கல் வந்துவிடும். ஒரு பக்கம் பெங்களூரு போகிற பஸ்கள், இன்னொரு பக்கம் மெட்ரோ தூண்கள். நடுவில் பழைய ஊர், புது அபார்ட்மென்ட்கள், மாடு, ஷேர் ஆட்டோ, டிபன் கடை.

இந்தப் பக்கத்து மக்களிடம் 'கேரவன்' என்று சொல்லிப் பாருங்கள். ஒருத்தருக்கும் டூர் ஞாபகம் வராது. செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. பிலிம் சிட்டி, இந்தப் பக்கம் வளசரவாக்கம், சாலிகிராமம் என்று சுற்றிலும் ஷூட்டிங் நடக்கிற ஏரியா. கேரவன் என்றால் ஹீரோ உட்காரும் வண்டி, அவ்வளவுதான். ஜன்னலில் கறுப்புத் திரை, பின்னால் ஜெனரேட்டர் உறுமல், வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேர், அதில் யாரையும் உள்ளே விடாத ஒருவர்.

அதே வண்டியில் அடுப்பு, படுக்கை, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, வீட்டு நாயையும் ஏற்றிக்கொண்டு லீவுக்குக் கிளம்பினால்?

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். நூம்பலில் எந்த அபார்ட்மென்ட் கதவைத் தட்டினாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, மனைவிக்கு போரூரில் ஐ.டி. கம்பெனி. அவருடைய அம்மா கூட இருக்கிறார். பள்ளிக்கூடம் போகும் மகள். அப்புறம் இரண்டு நாய்கள். ஒன்று காசு கொடுத்து வாங்கிய லாப்ரடார், புருனோ. இன்னொன்று மிக்ஜாம் புயல் மழையில் ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு ஒதுங்கி, பிறகு போகவே இல்லாத தெரு நாய். அதற்கு மணி என்று பெயர் வைத்தது பாட்டி.

அந்த மழைக்குப் பிறகு இந்தக் குடும்பம் ஒன்றாக எங்கேயும் போனதில்லை. கல்யாணம் என்றால் ஒருத்தர் போவார், ஒருத்தர் வீட்டில். கோடை லீவு என்றால் மகளும் அம்மாவும் மட்டும் ஊருக்கு. போர்டிங்கில் விட்டுப் பார்த்தார்கள். புருனோ சாப்பிட்டது, மணி மூன்று நாளும் தட்டைத் தொடவில்லை. "என்னங்க, இனிமே விட வேணாம்" என்று மனைவி சொன்னதோடு டூர் கதை முடிந்தது.

ரயிலில் கூட்டிப் போகலாமே என்பீர்கள். போகலாம், ஃபர்ஸ்ட் ஏ.சி.யில் மட்டும். அதிலும் இரண்டு பேர் கூபே அல்லது நான்கு பேர் கேபின் முழுவதையும் நாமே புக் செய்திருக்க வேண்டும். சார்ட் தயாராகும் வரை கூபே உறுதியில்லை. கிடைக்காவிட்டால் கார்டு வேனில் இருக்கும் நாய்க் கூண்டுதான். விமானத்தில் ஆகாசா ஏர் 2022 நவம்பரிலிருந்து செல்லப் பிராணிகளைக் கேபினில் ஏற்றுகிறது. ஆனால் அது மடியில் அடங்கும் குட்டிகளுக்கு. முப்பது கிலோ லாப்ரடார் கார்கோவில்தான் போகும். காரில் போனாலோ, போய்ச் சேர்ந்த இடத்தில் லாட்ஜ்காரர் புருனோவைப் பார்த்ததும் முகம் மாறும்.

அப்போதுதான் இந்தக் கேரவன் யோசனை. கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம். ஆனால் உலகத்தில் இந்தப் பழக்கம் ஆரம்பித்ததே நாயோடுதான்.

முதல் கேரவனில் ஒரு நாய்

1885. இங்கிலாந்து கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டல் வேகன் ஒர்க்ஸ் என்ற கம்பெனியில் தனக்கென்று ஒரு வண்டி செய்யச் சொன்னார். 'வாண்டரர்' என்று பெயர். ஊர் சுற்றுவதற்காகவே செய்யப்பட்ட முதல் கேரவன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். எடை கிட்டத்தட்ட இரண்டு டன், இழுக்க இரண்டு குதிரைகள். ட்வைஃபோர்டு என்ற ஊரிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரைக்கும் போனார். வண்டியில் வண்டிக்காரர், வேலையாள், ஒரு கிளி, கூடவே 'ஹரிகேன் பாப்' என்ற நியூஃபவுண்ட்லாந்து நாய். வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், எதிரே வருகிறவர்களை எச்சரித்துக்கொண்டே போவாராம். நூம்பல் ரோட்டில் ஒரு டிராவலரைத் திருப்ப வேண்டுமென்றால் இன்றைக்கும் அப்படி ஓர் ஆள் தேவைப்படும்.

அதற்கு 75 வருடம் கழித்து, 1960-ல், அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு பிக்கப் வண்டியின் மேல் சின்ன வீடு கட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றினார். துணைக்கு சார்லி என்ற பூடில் நாய் மட்டும். அந்தப் பயணம் 1962-ல் புத்தகமாக வந்தது. தலைப்பிலேயே நாயின் பெயர்.

நம் பக்கத்துக்கு வருவோம். கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஒரு கொள்கையே போட்டது. அடுத்த வருடம் வாகமண்ணில் முதல் கேரவன் பார்க் திறந்தார்கள். அந்தத் திட்டத்துக்காக முதலில் காட்டப்பட்ட வண்டிகளில் ஒன்று பாரத்பென்ஸ் பஸ் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. பாரத்பென்ஸ் தயாராவது எங்கே? நம் ஒரகடத்தில். 2022-ல் மஹிந்திரா கம்பெனி பொலேரோ கேம்பரை வைத்துச் சின்ன கேரவன் செய்யக் கைகோர்த்த 'கேம்பர்வேன் ஃபேக்டரி'யும் சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த நிறுவனம்தான். வண்டி செய்யும் அறிவு பக்கத்திலேயே இருக்கிறது, வாங்கி ஓட்டும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

இழுப்பதா, ஓட்டுவதா?

வெளிநாட்டு வீடியோக்களில் காருக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிக்கொண்டு போவார்களே, அதைப் பார்த்துத்தான் பலருக்கு ஆசை வருகிறது. ஊருக்குப் போனதும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் சுற்றலாம் என்பது அதன் வசதி. நமக்கு அது ஒத்துவருமா?

முதல் கேள்வி, உங்கள் காரின் மேனுவலில் இழுவை எடை என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? எழுதவில்லையென்றால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. பின்னால் கொக்கி மாட்டித் தர மெக்கானிக் கிடைப்பார், பிரேக் பிடிக்கும்போது அவர் கூட இருக்க மாட்டார். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஓடும்போது ட்ரெய்லருக்குள் மனிதரோ நாயோ இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக நான்கு பேர், இரண்டு நாய், எல்லோரும் காருக்குள்ளேயே. கேரவன் வாங்கியும் புருனோ மடியில்தான்.

பிறகு மலைப்பாதை. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ட்ரெய்லர் மாட்டிக்கொண்டு அவற்றில் ரிவர்ஸ் எடுப்பதை நினைத்தாலே வேர்க்கும்.

அதனால் இந்தக் குடும்பம் மாதிரியானவர்களுக்கு ஓட்டிப் போகும் கேரவன்தான் சரி. ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர் மாதிரி வேன்களை வைத்துக் கட்டுவது ஒரு வகை. பிக்கப் மேல் கட்டுவது இன்னொரு வகை. முன்னதில் டிரைவர் சீட்டிலிருந்து உள்ளே நடந்து போகலாம், நாய் கண்ணெதிரே இருக்கும். பின்னதில் நாய் தனியாகப் பின்னால் இருக்கும். நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும், முடிவெடுக்க.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்.எம்.வி. வகை. கார் ஓட்டும் லைசென்ஸிலேயே அந்த எடைக்குள் போக்குவரத்து வாகனமும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. பஸ் சைஸ் கேரவனுக்கு ஆசைப்பட்டால் கனரக லைசென்ஸ் வேண்டும்.

கவலைப்பட வேண்டியது ஆர்.சி. பற்றி. பழைய வேன் ஒன்றை வாங்கி, தச்சரை வைத்து கட்டிலும் அலமாரியும் போட்டால் செலவு பாதி என்று யாராவது சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்-124 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி ஒப்புதல் வாங்கிய பாடி பில்டரா, ஆர்.சி.யில் வண்டியின் வகை கேரவன் என்றே பதிவாகுமா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பூந்தமல்லி ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம்தான், டிஎன் 12. ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தால் நிம்மதி. விபத்து என்று ஒன்று நடந்தால், ஆர்.சி.யில் இருக்கும் வண்டியும் ரோட்டில் நிற்கும் வண்டியும் ஒன்றுதானா என்பதைத்தான் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பார்.

அடுத்தது எடைக் கணக்கு. ஷோரூமில் யாரும் இதைப் பேசுவதில்லை. தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. பெரியவர்கள் மூன்று பேர், மகள் என்று 230 கிலோ. புருனோ 30, மணி 18. கேஸ், பாத்திரம், பெட்டி, நாய்ச் சாப்பாடு, பாட்டியின் ஊறுகாய் ஜாடி எல்லாம் சேர்ந்து இன்னொரு 100. ஏறக்குறைய அரை டன். ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் அந்த அரை டன்னுக்கு இடம் இருக்க வேண்டும். கட்டில், ஏ.சி., பேட்டரி எல்லாம் வைத்த பிறகு வெறும் வண்டி எவ்வளவு என்று பில்டர் சொல்வதை நம்ப வேண்டாம். நெடுஞ்சாலையில் எடை மேடைக்கா பஞ்சம்? ஏற்றிப் பார்த்துவிடலாம்.

அப்படியே வீட்டு ஸ்டில்ட்டின் பீம் உயரத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். கூரையில் ஏ.சி. வைத்த வண்டி உள்ளே போகாது. வெளியே நிறுத்தினால் மழைக்காலத்தில் மேற்குப் புறநகர் தெருக்கள் என்ன ஆகும் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அசோசியேஷன் மீட்டிங்கில் வேறு பேச வேண்டும். நாய் விஷயத்திலேயே அங்கே பாதிப் பேர் முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஏ.சி. எத்தனை நேரம் ஓடும்?

நாய்க்காக வாங்கும் வண்டியில் மிகப் பெரிய கேள்வி இதுதான்.

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். சென்னை மாதிரி புழுக்கத்தில் அதுவும் சரியாக வேலை செய்யாது. அதன் இயல்பான உடல் சூடு 38.3-லிருந்து 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. இடையில் இருப்பது இரண்டே டிகிரி.

வெயிலில் நிறுத்திய கார் எவ்வளவு சூடாகிறது என்று 2005-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட சுமார் 22 டிகிரி கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய மாற்றமில்லை. வேலூர் வெயிலில், 'நாம சாப்பிட்டுட்டு வந்துடலாம், நாய் வண்டியிலேயே இருக்கட்டும்' என்று பிரியாணிக் கடைக்குள் நுழைகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். கேரவனுக்குத் தெர்மாகோல் சுவர் கொஞ்சம் உதவும். ஆனால் அதுவும் பெட்டிதான்.

'அதான் ஏ.சி. இருக்கே!' சரி, கணக்குப் போடுவோம். ஒரு டன் ஏ.சி. ஓட ஏறத்தாழ 1.2 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட், 200 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 2.4 யூனிட். லித்தியம் பேட்டரியாக இருந்தால் இரண்டு மணி நேரம். சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கூரையில் சோலார் தகடு போட்டால் ஃபேனுக்கும் சின்ன ஃப்ரிட்ஜுக்கும் தாராளம், ராத்திரி முழுக்க ஏ.சி. என்பது நடக்காது.

அப்போது ஜெனரேட்டர் என்று தோன்றும். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், ரோட்டோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காயம் இல்லை, சண்டை இல்லை. ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நாயின் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஏ.சி. ஓடுகிறதே என்று கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவதுதான் இதில் பெரிய ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று சின்ன விலைதான். அது இல்லாத கேரவனை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கேஸும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தது ஞாபகம் இருக்கலாம். விதியை மீறி உள்ளே சிலிண்டர் கொண்டு வந்திருந்தார்கள். அதுவும் ஒரு ஓடும் வீடுதான். 5 கிலோ சிலிண்டர் போதும், அதுவும் வெளிப்பக்கம் காற்றோட்டமான தனி அறையில் இருக்கட்டும். சமையலை வண்டிக்கு வெளியே, ஒரு மர நிழலில் வைத்துக்கொண்டால் பாட்டிக்கும் சந்தோஷம். உள்ளே வெங்காயம் தாளித்தால் அந்த வாசனையோடுதான் தூங்க வேண்டும்.

ஆக, ஏ.சி.யை நம்பிக் கிளம்பக் கூடாது. சூடு குறைந்த ஊருக்கு, சூடு குறைந்த நேரத்தில் போக வேண்டும்.

நூம்பலில் இருந்து அதற்கு வழி நன்றாகவே இருக்கிறது. விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது ரோடு காலி. வாலாஜாபேட்டைக்கு முன்னாலேயே எங்காவது டீ குடித்துவிட்டு, புருனோவையும் மணியையும் கயிறு போட்டு இறக்கி நடக்க வைக்கலாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, அப்புறம் பொன்னேரி கூட்டு ரோடு. இருநூறு சொச்சம் கிலோமீட்டர். வெயில் ஏறும் முன் ஏலகிரி மேலே, கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கலாம். வளைவுகளுக்குப் புலவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், மகள் படித்துக்கொண்டே வருவாள். வளைவில் நாய்க்கும் வயிறு புரட்டும் என்பதால் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு கூடாது. தண்ணீர் மட்டும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. ஊட்டி வழியாக மைசூரு போகிறவர்கள், பந்திப்பூர் ரோடு ராத்திரி 9-லிருந்து காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். காட்டு ரோட்டில் 'மணிக்கு அவசரம்' என்று வண்டியை நிறுத்தவும் கூடாது. முதுமலை மாதிரி சரணாலயத்துக்குள் சுற்றிப் பார்க்க நாய்க்கு அனுமதி இல்லை. வீட்டு நாயிடமிருந்து காட்டு விலங்குக்கு நோய் தொற்றலாம் என்பது ஒரு காரணம்.

இன்னொன்று சிறுத்தை. நீலகிரியிலும் வால்பாறையிலும் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயை அது தூக்கிப் போவது புதிய செய்தியே இல்லை. நகரத்தில் வளர்ந்த நாய்க்கு அந்த வாசனை தெரியாது. மலையில் இருட்டிய பிறகு இரண்டும் வண்டிக்குள், கதவு சாத்தி. ராத்திரி வெளிக்குப் போக வேண்டுமென்றால் விளக்கோடு, கயிறோடு, கூட ஓர் ஆள். காலையில் காது மடலையும் விரல் இடுக்கையும் தடவிப் பார்த்து உண்ணி எடுக்க வேண்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசி அட்டை எப்போதும் ஆர்.சி.யோடு இருக்கட்டும்.

ராத்திரி எங்கே நிறுத்துவது? கேரளாவில் இருப்பது மாதிரியான கேரவன் பார்க்கை எண்ணிக்கொண்டு கிளம்பினால் ஏமாற்றம்தான். பார்க்கிங்கும் கரன்ட் பிளக்கும் மட்டும் வாடகைக்குத் தருவீர்களா என்று ரிசார்ட்களுக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேட்க வேண்டும். சிலர் சிரிப்பார்கள், சிலர் சம்மதிப்பார்கள். தார்ப்பாய் போட்டு மறைத்து ரோட்டோரம் படுப்பது வேண்டாம்.

பாட்டி இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். "ஏம்ப்பா, நம்ம ஊர்ல மாந்தோப்பு சும்மாதானே கிடக்கு? மோட்டார் கொட்டகையில கரன்ட் இருக்கு. அங்க நிறுத்தினா யார் கேட்கப் போறா?" தண்ணீர், நிழல், ப்ளக் பாயிண்ட், வேலி. கேரவன் பார்க்குக்கு அரசாங்கம் எழுதும் விதிமுறையில் இருப்பது எல்லாம் இந்தத் தோப்பில் இருக்கிறது. ஊரில் அப்படி ஓர் இடம் இருப்பவர்கள் முதல் மூன்று பயணத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். வண்டியில் எந்த ஸ்குரூ கழன்று விழுகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து இரண்டு நாள் பார்த்துவிடுவது உத்தமம். நாய் உண்டு என்று முதலிலேயே சொல்லித்தான் எடுக்க வேண்டும். வாடகைக்காரர் சோபாவுக்கு டெபாசிட் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வண்டி வந்த அன்று சாயங்காலம் எங்கேயும் போகத் தேவையில்லை. அபார்ட்மென்ட் வாசலிலேயே இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, பழைய பாயை உள்ளே விரித்தால் போதும். லாப்ரடாருக்கு வயசானால் இடுப்பு வலிக்கும். படி உயரம் என்றால் ஒரு பலகையைச் சாய்த்து வைக்க வேண்டும். புருனோ பிஸ்கட்டுக்காக இரண்டாவது நிமிடமே உள்ளே போய்விடும். மகள் மேல் பெர்த்தில் ஏறி யாருக்கு எந்த இடம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

மணி ஏறாது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு டயரையும் மோந்து பார்த்து, ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அடியில் போய் ஜில்லென்ற சிமென்ட் தரையில் படுத்துக்கொள்ளும். "விடும்மா, நாளைக்கு வரும்" என்பார் பாட்டி, படியில் உட்கார்ந்தபடி.